பத்திரமாய்க் கெட்ட பெட்டி

சி.டி. பிளேயரை ஆம்ப்ளிஃபயரோடு சேர்க்க இரண்டே ஒயர்தான். சிவப்புக்குச் சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளை. கூடவே வந்த கையேடு இதை நான்கு மொழிகளில் அரைப்பக்கம் அரைப்பக்கமாகச் சொல்லி முடித்துவிட்டு, வேலை ஆயிற்று என்ற தோரணையில் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டது. அயனாவரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் அந்த அரைப்பக்கத்தைத் தாண்டுவதற்குள், ஐ.சி.எஃப்.பில் ஒரு ரயில் பெட்டிக்கே சக்கரம் மாட்டி வெளியே தள்ளியிருப்பார்கள் என்பது அப்பாவின் கணக்கு. அவர் அங்கே ஃபிட்டர். கணக்கில் தவற மாட்டார்.

வருடம் 1988. சித்தப்பா துபாயிலிருந்து வந்திருந்தார். தாம்பரத்துக்கு அப்பால் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டி, அதன் ஹாலில் வைப்பதற்கென்று முன்கூட்டியே வாங்கிய பிளேயர் அது. வீட்டுக்கு இன்னும் வாஸ்து பார்க்கவே ஆள் வரவில்லை. “அதுவரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும் அண்ணே. சும்மா வெச்சா கெட்டுடும், அப்பப்ப ஓட்டுங்க. ஆனா பத்திரமா பாத்துக்குங்க” என்றார். இரண்டு கட்டளையில் முதலாவதை அவர் விமானம் ஏறும்வரை கடைப்பிடித்தோம். இரண்டாவதை இன்றுவரை விடவில்லை.

கம்பெனி பெயர் வேண்டாம். ஜப்பான் சரக்கு என்பது போதும். அந்தப் பிளேயர் மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. புகாரெல்லாம் அதைக் காப்பாற்றியவர்கள் மேல்தான்.

தரத்தை அப்பா எடை பார்த்து முடிவு செய்தார். இரண்டு கையாலும் தூக்கி, “பத்து கிலோவுக்கு மேல இருக்கும். உள்ள வேலை இருக்கு” என்றார். இருந்தது. பக்கவாட்டில் மெருகேற்றிய மரப்பலகை, உடம்புக்குச் செம்பு முலாம், அடியில் கனத்த கால்கள். அந்தக் காலத்து உயர்தர ஜப்பான் பிளேயர்களுக்கு இதெல்லாம் ராஜ அலங்காரம். எடை அதிர்வைத் தடுக்கும், செம்பு வெளி இரைச்சலைத் தடுக்கும் என்று சித்தப்பா விளக்கினார். ஆக, கொடுத்த காசில் நல்ல பங்கு பாடுவதற்கு இல்லை, தடுப்பதற்கு. கதை எந்தப் பக்கம் போகும் என்று அங்கேயே யூகித்திருக்கலாம்.

ஊசி இல்லை, உரசல் இல்லை, தேய்மானம் இல்லை என்பதுதான் சி.டி.யின் மந்திரம். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980இல் அதற்கான விதிகளை எழுதின. 1982 அக்டோபரில் சோனியின் சி.டி.பி.-101 ஜப்பானில் கடைக்கு வந்தது. குறையே இல்லாத ஒலி, அதுவும் காலத்துக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். 12 சென்டிமீட்டர் தட்டில் 1.6 மைக்ரான் இடைவெளியில் சுருள் சுருளாகப் பள்ளங்கள். நீட்டிப் பிடித்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் அவற்றைத் தொடாமலே படிக்கும். கிராமபோன் ஊசி வெளியிலிருந்து உள்ளே போகும், லேசர் உள்ளேயிருந்து வெளியே வரும். அதற்கேற்பத் தட்டு நிமிடத்துக்கு 500 சுற்றில் தொடங்கி 200க்கு இறங்கும். நொடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட். அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில் பதிந்ததால்தான் இப்படி ஒரு விசித்திர எண் வந்தது: ஒரு கோட்டுக்கு மூன்று மாதிரி, 245 கோடு, நொடிக்கு 60 தடவை. இதைப் பின்னாளில் எங்கோ படித்துச் சொன்னபோது அப்பா தாளில் பெருக்கிப் பார்த்தார். விடை சரியாக வந்ததும், “அப்ப வேலை தெரிஞ்சவங்கதான் செஞ்சிருக்காங்க” என்று சான்றிதழ் கொடுத்தார்.

வேலை தெரிந்தவர்கள் செய்ததை அயனாவரத்தில் வைத்து இயக்குவதற்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. டெலிபோன் இலாகாவில் வேலை, ஆகவே ஒயர் என்றால் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். எங்கள் ஆம்ப்ளிஃபயர் உள்ளூர்த் தயாரிப்பு. அதன் முதுகில் ஐந்து துளை வட்ட சாக்கெட்டுகள், பிளேயரிலோ ஆர்.சி.ஏ. பின். இரண்டுக்கும் ஒத்துவராது. ரிச்சி தெருவுக்குப் போய், ஒரு முனையில் இது, மறுமுனையில் அது என்று சால்டர் வைத்து வாங்கி வந்தார். ஆம்ப்ளிஃபயரில் டேப், ரேடியோ, போனோ என்று மூன்று வாசல். டேப் வாசலில் கேசட் டெக் குடியிருந்தது. “ஓடிக்கிட்டு இருக்கறத ஏன் தொந்தரவு பண்ணணும்?” என்று அப்பா அதைக் கழற்றவிடவில்லை. ரெக்கார்டு சேஞ்சரை விற்றதிலிருந்து போனோ காலி. “அதுவும் தட்டு, இதுவும் தட்டு” என்று மாமா அங்கே செருகினார்.

சத்தம் வருவதற்கு முன்னால் ஒரு மௌனம் இருந்தது. தட்டை வைத்து மூடியதும் உள்ளே ஒரு முனகல், பிறகு திரையில் ‘நோ டிஸ்க்’. கண்ணெதிரே தட்டை விழுங்கிவிட்டுத் தட்டே இல்லை என்று சாதிக்கிற சாதனத்தை எங்கள் வீட்டில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. கவிழ்த்துப் பார்த்தார்கள். அடிப்பக்கத்தில் இரண்டு சிவப்புத் திருகுகள். கப்பலிலும் விமானத்திலும் வரும்போது லென்ஸ் வண்டி ஆடி அடிபடாமல் அதை இறுக்கிப் பிடித்திருப்பவை அவை. வீடு சேர்ந்ததும் கழற்றிவிட வேண்டும். மாமாவுக்குச் சந்தேகம் வந்தது, கழற்றலாமா என்றும் கேட்டார். “கம்பெனியில முடுக்கின ஸ்க்ரூவ வீட்ல கழட்டக் கூடாது” என்றார் அப்பா. ஐ.சி.எஃப். தர்மம். ஓடுகிற வண்டியில் ஒரு திருகு தளர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் பேச்சை யார் மீறுவது?

அக்காதான் தீர்த்துவைத்தாள். பிளேயரைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. வேறு வழியில்லாமல் கையேட்டை முழுக்கப் படித்திருந்தாள். “படமே போட்டிருக்காம்ப்பா, கழட்டச் சொல்லி.” அப்பா படத்தைப் பார்த்தார், படத்தில் இருந்த கையைப் பார்த்தார், பிறகு தன் கையாலேயே கழற்றினார். திருகுகளைத் தாளில் மடித்து, மேலே ‘சி.டி. ஸ்க்ரூ’ என்று எழுதி, மிகப் பத்திரமான ஓரிடத்தில் வைத்தார். அந்த இடம் எது என்பது இந்தக் கதையில் பின்னால் வரும். அதாவது, வராது.

இப்போது லென்ஸ் நகர்ந்தது, தட்டு சுழன்றது. சித்தப்பா கொண்டுவந்திருந்த டெமோ தட்டில் சிம்பொனி, மழை, நீராவி எஞ்சின் எல்லாம் உண்டு. அப்பாவுக்கு மரியாதையாக எஞ்சினையே போட்டார்கள். அது ஸ்பீக்கரைக் கிழித்துக்கொண்டு ஹாலுக்குள் வந்தது. பக்கத்து போர்ஷன்காரர்கள் வாசலுக்கு ஓடினார்கள். ரெக்கார்டு ஊசி கொடுப்பது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட், சி.டி. பிளேயர் கொடுப்பது 2 வோல்ட்: நானூறு மடங்கு. அது போதாதென்று, ரெக்கார்டு வெட்டும்போது குறைத்துவிட்ட கீழ் ஸ்தாயியைத் திருப்பித் தூக்கிக் கொடுப்பதும் போனோ வாசலின் வேலை. அப்பா மட்டும் அசையாமல் கேட்டுவிட்டு, “இது லோகோ மாதிரி இல்லியே, வாட்டர் பம்ப் மாதிரி இருக்கு” என்றார்.

கேசட் டெக் இடத்தைக் காலி செய்தது. டேப் வாசலில் பிளேயர் ஏறியதும் உண்மையான அதிசயம் தெரிந்தது. பாட்டைவிட, பாட்டுக்கு நடுவில் இருந்த அமைதி. டேப்பின் இரைச்சல் இல்லை, ரெக்கார்டின் பொரிச்சல் இல்லை. 1992இல் ‘ரோஜா’ சி.டி. வந்தபோது, ஒரு சின்ன மணியோசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்பதற்காகவே ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

கிடைத்தற்கரியது கிடைத்ததும் அடுத்து வருவது பயம். முதலில் ஸ்டெபிலைசர் வந்தது. கோடையில் வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் ரிலே ‘டக்’ என்று மாறும். இரைச்சலுள்ள கேசட்டில் அந்த ‘டக்’ காதில் விழாது. தட்டின் தூய அமைதியில் அது ஒரு வாத்தியம். கேட்க வந்தவர்களில் ஒருவர் நல்ல தாளம் என்று தலையாட்டியதும் உண்டு.

அடுத்து அம்மா ஓர் உறை தைத்தாள். வெல்வெட் துணி, ஓரத்தில் லேஸ், நடுவில் எம்ப்ராய்டரி மயில். தூசு படாமல் இருக்க. மயிலின் தோகை சரியாக மேல்பக்கக் காற்றோட்டத் துளைகளை மூடியது. சில நேரம் ஓடும்போதும் உறை மேலேயே கிடக்கும். மின்சுற்றில் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களுக்குச் சூடுதான் எமன். உள்ளிருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வறண்டுபோகும். தூசியால் அந்தப் பிளேயர் செத்திருக்க வாய்ப்பே இல்லை. மயிலால் இருந்தது.

தட்டுகளையும் விடவில்லை. பளபளக்கும் பக்கத்தில் கீறல் விழுந்துவிடும் என்று, எழுத்து இருக்கும் பக்கம் மேஜையில் படும்படி வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் மட்டுமா இருந்தது? விஷயம் நேர்மாறு. பளபளக்கும் பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் கவசம் இருக்கிறது. பாட்டைத் தாங்கும் அலுமினியப் படலம் எழுத்துக்கு நேர் கீழே, ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. கவசம் இருக்கும் பக்கத்தைக் காப்பாற்றுவதற்காக, கவசம் இல்லாத பக்கத்தை மேஜையில் தேய்த்தோம். இதில் நாங்கள் தனி ஆள் இல்லை என்பது ஆறுதல். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் பிலிப்ஸ்-டூபாண்ட் ஆலையில் 1988 முதல் சில ஆண்டுகள் அச்சான தட்டுகள் பல வெண்கல நிறத்துக்கு மாறிப் பாட்டை இழந்தன. காக்கவேண்டிய பூச்சு, உறைத் தாளில் இருந்த கந்தகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. தட்டைக் காக்க ஒரு பூச்சு, பூச்சைக் காக்க ஓர் உறை; இரண்டும் சேர்ந்து தட்டை முடித்தன.

சித்தப்பாவின் நண்பர் ஒருவர் பச்சை மார்க்கர் பேனாவோடு வந்தார். அந்தச் சமயம் உலகம் முழுக்க ஓடிய பித்து அது. தட்டின் விளிம்பில் பச்சை மை தீட்டினால் சிதறும் லேசர் ஒளி வெளியேறாமல் அங்கேயே அடங்கி, ஒலி மேம்படுமாம். தீட்டினார். கண்ணை மூடிக் கேட்டார். “வயலினுக்குப் பின்னாடி இடம் தெரியுது பாருங்க” என்றார். எங்களுக்கு வயலினே பின்னாடிதான் தெரிந்தது. ஸ்பீக்கர் சோபாவுக்குப் பின்னால் இருந்தது.

பிறகு ‘ம்ம்ம்’ வந்தது. 1993 ஏப்ரலில் சன் டி.வி. தொடங்கிய கையோடு எங்கள் தெருவில் கேபிள் ஒயர் மாடிக்கு மாடி, முருங்கைக்கு முருங்கை தாவி வந்தது. கேபிள் வி.சி.ஆருக்குப் போயிற்று, வி.சி.ஆர். ஒலி ஆம்ப்ளிஃபயருக்கு வந்தது. அன்றிலிருந்து சி.டி.யின் புகழ்பெற்ற அமைதிக்குள் விடாமல் ஒரு ‘ம்ம்ம்’. கேபிளின் உறையும் ஆம்ப்ளிஃபயரும் வேறு வேறு இடத்தில் எர்த் ஆகியிருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம் உண்டாகும். அந்த வளையத்தில் ஓடுகிற 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான் அந்த உறுமல். ஆனால் தீர்ப்பு சொன்னவர்கள் எல்லோரும் பிளேயரையே பார்த்தார்கள். விலை அதிகமானது எதுவோ அதுதானே கெட்டிருக்கும்!

வந்த எலெக்ட்ரீஷியன் நொடியில் குணப்படுத்தினார். ஆம்ப்ளிஃபயர் பிளக்கில் இருந்த எர்த் ஒயரைக் கத்தரித்தார். உறுமல் நின்றது. “எர்த் இருந்தா இப்படித்தான் சார், மியூசிக்குக் கூடாது” என்று ஒரு சித்தாந்தமும் தந்தார். அதன் பிறகு வால்யூம் குமிழைத் தொட்டால் விரல் சுருக்கென்றது. உறை, பூச்சு, ஸ்டெபிலைசர் என்று அத்தனை காவல் போட்ட வீட்டில், மனிதர்களைக் காத்த ஒரே ஒயர் அதுதான். அதைத்தான் வெட்டினோம்.

மாமா ரிச்சி தெருவில் கண்டுபிடித்து அழைத்துவந்த பாய்தான் முறையாகப் பார்த்தார். அவர் பிளேயரைத் தொடவே இல்லை. எர்த் ஒயரை முதலில் பழையபடி முடுக்கினார். ‘ம்ம்ம்’ திரும்பியது. பிறகு ஆம்ப்ளிஃபயருக்கு வரும் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வி.சி.ஆரில் இருந்து கேபிளை உருவியதும் அமைதி. “கெட்டது பெட்டி இல்ல, சேர்க்கை” என்றார். கேபிள் வழியில் இரண்டு சின்னக் கெப்பாசிட்டரை வைத்துச் சால்டர் செய்தார். படம் வந்தது, உறுமல் போயிற்று. அவர் கேட்ட கூலி எங்களுக்கு அவநம்பிக்கை தருகிற அளவுக்குக் குறைவு.

சி.டி. பிளேயருக்கு உள்ளேயே ஒரு காவல் உண்டு. அதுதான் மிகப் புத்திசாலித்தனமானது, ஆகவே மிக ஆபத்தானது. தட்டில் பாட்டு வரிசையாகப் பதிந்திருப்பதில்லை. கலைத்து, பிரித்து, சரிபார்க்கும் எண்களோடு பரப்பி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 4,000 பிட் தொடர்ச்சியாகக் காணாமல் போனாலும், அதாவது பாதையில் 2.5 மில்லிமீட்டர் அழிந்தாலும், கணக்குப் போட்டு அப்படியே மீட்டுவிடும். அதற்கும் மேலே போனால் முன்னும் பின்னும் பார்த்து நடுவை ஊகித்து நிரப்பும். கேட்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. கேசட் டெக் வியாதியை முதல் நாளே சொல்லிவிடும்: இழுக்கும், மங்கும், நாடாவை மெல்லும். சி.டி. பிளேயர் சொல்லாது. லென்ஸில் புகைப்படலம், வண்டியின் தண்டவாளத்தில் இறுகிய கிரீஸ், தளர்ந்த மோட்டார் எல்லாவற்றையும் வருடக்கணக்கில் பல்லைக் கடித்து மறைத்துவிட்டு, ஒரு நவம்பர் மழை நாளில் திடீரென்று ‘நோ டிஸ்க்’ என்று படுத்துவிடும். அதற்கு முந்தின நாள்வரை பாடியது நன்றாகத்தான் இருந்தது என்று வீட்டில் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். சத்தியம் உண்மைதான்.

அந்த நவம்பரில் பாய் ஊரில் இல்லை. வேறொரு மெக்கானிக் வந்தார். சுத்தமான பஞ்சில் ஒரு துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு லென்ஸை மெல்லத் துடைத்திருந்தால் போதும். அவர் லேசரின் பிரிசெட்டைத் திருகினார். லேசர் பிரகாசமாயிற்று, தட்டெல்லாம் ஓடியது, கீறல் விழுந்ததுகூட. கண் பார்வை திரும்பியதாக நாங்கள் கொண்டாடினோம். கூடுதல் மின்சாரம் ஏறிய லேசர் டயோடு தன் மிச்ச ஆயுளை அவசரமாகச் செலவழித்துக்கொண்டிருந்தது. அடுத்த மழைக்கு முன்னால் அது அணைந்தது. பாய் புது லேசர் போட்டார். “பவர் கொடுத்தா எல்லாம்தான் ஓடும் தம்பி. எவ்வளவு நாளைக்குன்னு கேக்கணும்” என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்பத்தூருக்குக் குடிபோனோம். லென்ஸ் வண்டியை இறுக்கிப் பிடிக்கும் அந்த இரண்டு சிவப்புத் திருகுகள், வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையிலேயே தேவைப்பட்டன. அப்பா பீரோவைக் கொட்டினார், அம்மா அஞ்சறைப் பெட்டியைக் கொட்டினாள். எங்கு வைத்தால் தொலையாதோ அங்கு வைத்த பொருளை யாராலும் எடுக்க முடியவில்லை. பிளேயர் மெத்தை, தலையணை, மயில் உறை எல்லாம் சுற்றப்பட்டு டெம்போவில் போயிற்று. வெளியே ஒரு சிராய்ப்பு இல்லை. உள்ளே லென்ஸ் வண்டி வழி நெடுகக் குதித்துக்கொண்டே வந்து, தண்டவாளத்தை விட்டு இறங்கியிருந்தது. ரயில் பெட்டி கட்டிய வீட்டில் தடம் புரண்ட ஒரே வண்டி.

இதற்குள் தாம்பரம் வீடு எழும்பிவிட்டது. ஹாலில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபருமாக ஹோம் தியேட்டர் வந்துவிட்டது. “அத நீங்களே வெச்சுக்குங்கண்ணே” என்று சித்தப்பா சொன்னபோது, வாங்கியவரே கைவிட்ட பிறகும் அப்பா பொறுப்பைக் கைவிடவில்லை. கழுத்துவரை தெர்மோகோல் வைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு, அசல் அட்டைப் பெட்டியிலேயே கட்டிப் பரணில் ஏற்றினார்.

வெளியுலகம் அப்போது வேறு காவலில் இறங்கியிருந்தது. கணினியில் நகல் எடுக்கிறார்கள் என்று இசை நிறுவனங்கள் தட்டுக்கே பூட்டுப் போட ஆரம்பித்தன. 2005இல் சோனி பி.எம்.ஜி. தன் தட்டுகளில் வைத்த பூட்டு, வாங்கியவர்களின் கணினிக்குள் சொல்லாமல் புகுந்து ஒளிந்துகொள்கிறது என்று வெளிப்பட்டதும் பெரிய ரகளையாகி, தட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காசு கொடுத்து வாங்கியவர் மாட்டினார். திருட்டு நகல் கேட்டவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எங்கள் வீட்டு மயில் உறை அவ்வளவு மோசமில்லை என்று அன்று தோன்றியது.

இன்று மகள் கைபேசியில் பாட்டு கேட்கிறாள். மாதாமாதம் சந்தா. கூடக் கொஞ்சம் செலவழித்தால், அல்லது சரியான செயலியைப் பிடித்தால், ‘லாஸ்லெஸ்’ என்று மேல்தட்டு வகுப்பில் கேட்கலாம். ஆப்பிள் 2021இல் அதைக் கொண்டுவந்தபோது பெரிய செய்தி. அந்த மேல்தட்டு வகுப்பின் முதல் படி என்ன என்று பார்த்தேன்: 16 பிட், 44,100. 1980இல் எழுதிய அதே எண். அதைக் கேட்க அவள் கடவுச்சொல் போட வேண்டும், அது மறந்தால் கைபேசிக்கு ஓர் எண் வரும், புதுச் சாதனம் என்றால் மின்னஞ்சலுக்கு இன்னொன்று வரும். பாதுகாப்புக்காக அவ்வப்போது தானாகவே வெளியேற்றியும் விடும். கணக்கு அவளுடையதுதானா என்று அதற்குச் சந்தேகம். எங்கள் பிளேயர் ‘நோ டிஸ்க்’ என்று சொன்னதே தவிர, ஒருமுறைகூட நீ யார் என்று கேட்டதில்லை.

அவளுக்குத்தான் திடீரென்று ஆசை வந்தது. பரணில் இருந்து இறக்கினோம். மரப்பலகையின் மெருகு அப்படியே இருந்தது. பொத்தானை அழுத்தினால் டிரே வெளியே வரவில்லை. பாயின் மகன்தான் இப்போது கடையில். மற்ற நேரமெல்லாம் கைபேசித் திரை மாற்றுகிறார். திறந்து காட்டினார். டிரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட் கூழாகி ஒட்டியிருந்தது. தண்டவாளத்து கிரீஸ் கோந்தாகியிருந்தது. “ஓடித் தேஞ்சது ஒண்ணுமே இல்ல சார். வெச்சு வெச்சுதான் போயிருக்கு” என்றார். பெல்ட் மாற்றி, பழைய கிரீஸை வழித்துப் புதிது தடவி, தடம் புரண்ட லென்ஸ் வண்டியைத் தண்டவாளத்தில் ஏற்றி, மேஜையிலேயே ஓட்டிக் காட்டினார். அருமையாகப் பாடியது.

வீட்டில் பாடவில்லை.

பழைய ஆம்ப்ளிஃபயர் எப்போதோ எடைக்குப் போயாயிற்று. இருப்பது டி.வி.யும் அதன் கீழே ஒரு சவுண்ட்பாரும். சவுண்ட்பாரில் சிவப்பு வெள்ளைத் துளைகளே கிடையாது. ஆனால் ஆப்டிகல் துளை உண்டு. பிளேயரின் முதுகிலும் அதே துளை. தோஷிபா 1983இல் சி.டி. பிளேயருக்காகவே கொண்டுவந்த வடிவம், நாற்பது வருடம் தாண்டியும் மாறாமல் பொருந்துகிறது. மாப்பிள்ளை உற்சாகமாக ஒரு ஆப்டிகல் கேபிள் வரவழைத்து, பிளேயரையும் டி.வி.யையும் இணைத்தார். சத்தமில்லை. டி.வி.யில் இருப்பது ஒலி வெளியே போகும் வாசல். பிளேயரில் இருப்பதும் அதுவே. இரண்டு பேரும் பேசினார்கள், கேட்க ஆளில்லை. சவுண்ட்பாருக்கு மாற்றினார். அப்போதும் சத்தமில்லை. எல்லோரும் திரும்பிப் பிளேயரைப் பார்த்தார்கள்.

பாயின் மகன் வீட்டுக்கே வந்தார். தன் அப்பாவைப் போலவே பிளேயரைத் தொடவில்லை. கேபிளின் ஒரு முனையை உருவினார். அதன் நுனியில் கண்ணுக்கே தெரியாத ஒரு பிளாஸ்டிக் தொப்பி. நுனி கீறாமல் இருக்கக் கம்பெனியில் போட்டு அனுப்புவது. அது இருந்தால் பிளக் உள்ளே முழுசாக உட்காராது. நகத்தால் கழற்றினார். இருட்டில் முனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. பிளேயர் அவ்வளவு நேரமும் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. செருகி, சவுண்ட்பாரில் ஆப்டிகல் என்று மாற்றியதும் வயலின் வந்தது.

கொஞ்சம் யோசித்தால் அதுவும் வேடிக்கை. ஆப்டிகல் வழியாகப் போவது வெறும் எண்கள். எண்ணை ஒலியாக்குவது சவுண்ட்பாருக்குள் இருக்கும் சில்லு. செம்பு முலாம், தனி மின்சுற்று, பத்து கிலோ கௌரவம் எல்லாம் இப்போது தட்டைச் சுற்றுவதோடு சரி. பாடுவது டி.வி.க்கு அடியில் கிடக்கும் பிளாஸ்டிக் கட்டை.

கூலியைக் கேட்டதும், “பெட்டியில ஒண்ணும் இல்லன்னு நீங்களே சொல்றீங்க, அதுக்கு இவ்வளவா?” என்றேன்.

“பெட்டியில ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்குத்தான் சார் காசு. இல்லன்னா இத்தனை பேரு சேர்ந்து இந்நேரம் திறந்திருப்பீங்க.”

கொடுத்தேன். தினமும் கொஞ்ச நேரமாவது ஓட்டுங்கள், உறை எதுவும் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டவர், வாசலில் நின்று பையைத் துழாவினார். “எதுக்கும் இந்த சர்ஜ் புரொடெக்டர் ஒண்ணு போட்டு வெச்சுக்குங்க சார். பழைய பீஸ். ஒரு சேஃப்டிக்கு.”

வாங்கினேன். செருகியதும் அதில் ஒரு குட்டி விளக்கு எரிந்தது. எரிந்தால் நல்லதா, அணைந்தால் நல்லதா என்று கேட்டேன்.

“எரியறவரைக்கும் தொடாதீங்க சார்” என்றார்.